கால்வாய் பார்த்த அறை

படிகளில் தண்ணீர் ஏறுவது தெரிகிற ஜன்னல் வேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள் கிரிஜா.

மெல்பர்ன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இரண்டு வெனிஸ் ஹோட்டல்களின் படங்கள் கிடந்தன. 1975 செப்டம்பர் மாநாட்டுக்காரர்கள் அனுப்பியவை. இரண்டுமே பெரிய ஹோட்டல்கள். எது வேண்டும் என்று இன்றே எழுதிப் போட வேண்டும்.

"கால்வாய் பார்த்த அரண்மனை ஹோட்டல் நல்லா இருக்குங்க."

"அங்க சமைக்க முடியுமா?" என்றார் கணவர் ஈஸ்வரமூர்த்தி. "இன்னொண்ணு சந்துக்குள்ள இருந்தாலும் அறையோட சமையற்கட்டு இருக்கு. எட்டு மணிக்குள்ள சாதம், ரசம் ஆயிட்டா ஒன்பது மணிக் கூட்டத்துக்குச் சரியா இருக்கும். ஒரு வாரம் ரொட்டியும் சீஸுமா தள்ள முடியுமா?"

"காலையில கட்டுரையை ஒருதரம் படிச்சுப் பார்க்க வேண்டாமா?"

"அது பாட்டுக்கு அது, ரசம் பாட்டுக்கு ரசம்."

அலமாரியின் மேல்தட்டிலிருந்து சின்ன மின்சார அடுப்பை இறக்கித் துடைத்தார். அவளிடம் நீட்டினார்.

"எந்த ஹோட்டலா இருந்தாலும் மறக்காம இதை உன் பெட்டியில வெச்சிடு. பருப்புப்பொடியும்."

கிரிஜா படங்களோடு வந்திருந்த மாநாட்டுப் படிவத்தை நிரப்பி முடித்தாள்.

அறை: கால்வாய்ப் பக்கம்.
கட்டுரை வாசிப்பவர்: டாக்டர் கிரிஜா, கடல்மட்ட ஆய்வாளர்.
உடன் வருபவர்: கணவர்.

உறையை ஒட்டிய பிறகுதான் அடுப்பைக் கையில் வாங்கினாள்.

"இது வேண்டாங்க" என்று மெதுவாகச் சொல்லி, மேல்தட்டிலேயே திரும்ப வைத்தாள்.