யார் பூசிய பட்டி?

மாமனார் கொடுத்த பழைய காரைப் புதுப்பிக்கப் பட்டறையில் விட்டிருந்தான் மாப்பிள்ளை. வேலையைப் பார்க்க மனைவியும் மாமனாரும் கூடவே வந்திருந்தார்கள்.

டிங்கர் இடது கதவை மூச்சு வாங்கச் சுரண்டினார். பெயிண்டுக்குக் கீழே விரல் கனத்துக்கு, பள்ளத்தை அடைக்கப் பூசிய பட்டி. அதற்கும் கீழே கசங்கிய தகரம்.

"நசுங்கினதை நிமிர்த்தாமலே பூசி மெழுகியிருக்காங்க சார்!"

மாப்பிள்ளைக்கு அவல் கிடைத்துவிட்டது.

"உங்கப்பா கொடுத்த வண்டியோட லட்சணத்தைப் பாத்தியா? இந்தப் பத்து வருஷத்துல என் கையில வண்டிக்கு ஒரு கீறல் விழுந்திருக்குமா?"

அப்பாவை ஒரு சொல் சொன்னால் சண்டைக்கு வருகிறவள், இன்று கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தாள்.

"நான் இடிச்சதுதான் மாப்பிள்ளை" என்றார் மாமனார் சாதுவாக.

டிங்கர் வலது கதவுக்குப் போனார். மாப்பிள்ளை அவசரமாகக் குறுக்கே வந்தான்.

"அந்தப் பக்கம் நல்லாத்தானே இருக்கு, விட்டுடுங்களேன்!"

அதற்குள் பட்டி பாளம் பாளமாக உதிர்ந்தது. போன வருஷம் அவனே கேட் தூணில் இடித்து, மனைவி ஊரிலிருந்து திரும்புவதற்குள் அவசரமாகப் பூசிய பட்டி!

"இது யாருப்பா பண்ணது?" என்றாள் மனைவி.

"அதுவும் நான்தாம்மா."

அவள் தண்ணீர் குடிக்க நகர்ந்ததும், மாமனார் மாப்பிள்ளையின் காதருகே குனிந்தார்.

"நான் கொடுக்கும்போது ரெண்டு கதவுமே நல்லாத்தான் இருந்துச்சு. அடுத்த தடவை என் பொண்ணு போன கடைக்கே நீங்களும் போங்க மாப்பிள்ளை. அவன் பூசினது லேசுல உதிரல, பாத்தீங்கல்ல?"