அண்ணன் இருந்த இடம்

பவளக்கொடி டீச்சரின் இடுப்பெலும்புக் குழிக்கு மனசே சரியில்லை. பதினெட்டு வருஷமாக அதற்குள் இருந்த செயற்கை மூட்டுக் கிண்ணம் தளர்ந்து, ஆடி ஆடிக் குழியையே அரித்துவிட்டது. இன்று டாக்டர்கள் அந்தப் பழைய கிண்ணத்தைக் கழற்றிவிட்டார்கள். பள்ளத்தில் யாரோ தானம் தந்த எலும்புத் துணுக்குகளைப் போட்டு, தட்டித் தட்டி இறுக்கி, மேலே புதுக் கிண்ணத்தைப் பொருத்தினார்கள்.

"கொஞ்சம் தள்ளி இருங்க. அது எங்க பழைய கிண்ணத்து அண்ணன் இருந்த இடம்" என்றது குழி.

"இவ்வளவு பெரிய பள்ளம் பண்ணினதே உங்க அண்ணன்தானே?" என்றது ஒரு துணுக்கு.

"பண்ணட்டுமே. எங்க டீச்சரைப் பிள்ளைங்களோட கோலாட்டம் ஆட வெச்சதும் அவர்தான்."

துணுக்கு பெருமூச்சு விட்டது. "எங்களைத் தானம் தந்த ஆளு சைக்கிள்ல பால் ஊத்தினவரு. எந்த மேட்டுலயும் இறங்கித் தள்ள மாட்டாரு. அதெல்லாம் போச்சு. இனி நீங்க ஒட்டிக்கிட்டாத்தான் எங்களுக்கு உயிர். இல்லேன்னா புதுக் கிண்ணமும் ஆடும், உங்க டீச்சர் படுத்த படுக்கைதான்."



மறுநாள் டீச்சர் வாக்கரைப் பிடித்து எழுந்தார். கால் மெல்லத் தரையில் பட்டது, பாரம் இறங்கியது.

"ஏய், இறுக்கிப் பிடிங்கப்பா!" என்று கத்தியது குழி. "நம்ம டீச்சர் எழுந்துட்டாங்க!"