பொம்மை லோடருக்குப் பின்விளக்கு

பொம்மை லோடரின் பின்பக்கத்தில் கணவன் விளக்கு வைத்துக்கொண்டிருந்தான். பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாப்பாட்டு மேஜை முழுக்க ஒயரும் ஈயத்துணுக்குமாகக் கிடந்தது. அவள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டாள்.

ரிமோட்டில் ஓடுகிற மண் அள்ளும் வண்டி. முன்னால் இரண்டு விளக்கு வைத்தாயிற்று. கூரையில் சுழல்கிற ஆரஞ்சு விளக்கும் வைத்தாயிற்று. போதாதாம். ரிவர்ஸ் போகும்போது எரிய ஒன்று வேண்டுமாம். அடேயப்பா, என்ன அக்கறை!

மாடிப்படி பல்பு பியூஸ் போய் எத்தனை மாதம்? சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். புது பல்பு வாங்கி வைத்ததும் அவள்தான். "நீ ஸ்டூல்ல எல்லாம் ஏறக் கூடாது, நாளைக்கு நான் போடுறேன்" என்றான். அந்த நாளை இன்னும் விடியவில்லை. பல்பு பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது.

இப்போது அவளே ஏறிப் போட்டுவிடலாம். போட மாட்டாள். அவன் கையால்தான் போட வேண்டும். பிடிவாதம் என்றால் பிடிவாதம்தான்.

இத்தனைக்கும் ஐயா பார்க்கிற வேலை என்ன? கட்டடம் கட்டுகிற இடத்தில் பாதுகாப்பு அதிகாரி. எந்த வண்டியிலாவது ஒரு விளக்கு எரியவில்லை என்றால் போதும், ஸ்டியரிங்கில் சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டுவிடுவான். பழுது பார்த்து, அவனே வந்து அட்டையைக் கழற்றும்வரை வண்டி ஒரு அடி நகரக் கூடாது. முதலாளியே கெஞ்சினாலும் மசிய மாட்டான். ஊருக்கெல்லாம் உத்தமன்!

லோடரைத் தரையில் விட்டு ரிமோட்டை அழுத்தினான். முன்னால் போகும்போது பின்விளக்கு எரிந்தது, பின்னால் வரும்போது அணைந்தது. விளக்கின் இரண்டு கம்பிக் கால்களையும் இடம் மாற்றிப் பற்றவைத்திருக்கிறான். "ச்சே" என்று தலையில் தட்டிக்கொண்டு, கழற்றி, திருப்பிப் பற்றவைத்தான். இந்தமுறை சரியாக எரிந்தது. முகமெல்லாம் பல்.

"பாத்தியா? இனிமே பின்னாடி யாரு நின்னாலும் பயமில்ல."

டங்கென்று தட்டைக் கீழே வைத்தாள். அவனுடைய வேலைப் பையைத் திறந்தாள். சிவப்பு அட்டை ஒன்றை உருவி எடுத்துப் போய் மாடிப்படிக் கைப்பிடியில் மாட்டினாள்.

"இதை அன்னைக்கே மாட்டியிருந்தா, ஏழு மாச வயித்தோட நான் இந்த இருட்டுல இறங்கி விழுந்து, ஆஸ்பத்திரியிலேர்ந்து வெறுங்கையோட வந்திருப்பேனா?"

அவன் ரிமோட்டிலிருந்து விரலை எடுக்க மறந்துபோனான். லோடர் பின்விளக்கு எரிய எரிய நகர்ந்து, மூலையில் இருந்த தன் பெட்டியில் முட்டி நின்றது.

'எட்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு' என்று பெட்டியில் போட்டிருந்தது.

அதை வாங்கி வந்த அன்று அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இன்னும் பிறக்கவே இல்லை, அதற்குள் என்ன அவசரம் என்று கேட்டாள். அவன் அவள் வயிற்றருகே குனிந்து, நீ வருவதற்குள் இதற்கு எல்லா விளக்கும் போட்டு வைக்கிறேன் என்றான்.

அந்த ஒரு வேலையைத்தான் சொன்னபடி செய்து முடித்திருக்கிறான்.