கொத்து வரி

“கொத்து இல்லாமலா இந்தக் காட்டைக் கொத்துன? நகத்தாலயா?” என்று மாராயியைக் கேட்டார் அர்த்தனாரி. மண்வெட்டும் கொத்துக்கும் வெள்ளைக்காரச் சர்க்கார் வரி போட்டிருந்தது. அதை வசூலிக்க அவர் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து கொல்லிமலை ஏறி வந்திருந்தார்.

“நகத்தாலதானுங்க. போன வருசம் வரி கட்டலைன்னு கொத்தை நீங்கதானுங்களே எடுத்துட்டுப் போனீங்க? காடு சும்மாவே கெடந்துச்சு. இந்த வருசமும் சாமை விதைக்கலைன்னா புள்ளைங்க பட்டினிதானுங்க.”

அர்த்தனாரி நம்பவில்லை. பரணிலும் தானியக் குதிருக்குள்ளும் துழாவிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. புறப்படும்போது, பலா மரத்தடியில் மஞ்சள் பூசி, குங்குமமும் பூவும் வைத்து நட்டிருந்த சாமி கண்ணில் பட்டது. செருப்பைக் கழற்றிக் கும்பிட்டு, அதிலிருந்த குங்குமத்தை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டார்.

போனவர் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார்.

“மழையில மண்ணு சரிஞ்சு தடமே அடைச்சுக்கிச்சும்மா. நான் எப்படி ஊடு போய்ச் சேர்றது? ஒரு கொத்து கெடைக்குமா?”

“வரி போடவா கேக்கறீங்க?”

“சத்தியமா இல்லம்மா. உதவியாத்தான் கேக்கறேன்.”

“உதவின்னா தாராளமா வாரேனுங்க.”

மாராயி பலா மரத்தடிக்குப் போனாள். சாமியை மண்ணிலிருந்து பிடுங்கி மஞ்சளைத் துடைத்தாள். கொத்தின் இரும்பு பளிச்சென்றது. அதில் காம்பை மாட்டிக்கொண்டு போய், சரிந்த மண்ணை வெட்டித் தள்ளி வழி விட்டாள்.

“இப்பக் கணக்குல எழுதிக்கிறீங்களா சாமி?”

அர்த்தனாரி தன் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கணக்கில் எதையும் எழுதாமல் மலையிறங்கிப் போனார்.