கட்டிலுக்கடியில் கசிவு

“வெள்ளிக்கிழமைக்குள்ள எங்கப்பாவை ஹோம்ல சேர்த்தாகணும். லேட்டானா அந்த இடத்தை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க. வண்டி எப்ப ரெடியாகும்?”

பழைய பீரோவை எங்கே இறக்குவது என்று விசாரிப்பதுபோல் இருந்தது மகன் கேட்டது. முன் இருக்கைகளுக்கு நடுவே இன்ஜின் மூடியைக் கழற்றிவிட்டுக் குனிந்திருந்த மெக்கானிக், தலையைத் தூக்காமலே, “பார்த்துட்டுத்தானே சொல்ல முடியும்” என்றார்.

அந்த வட்டாரத்தில் அவருக்கு மோப்பம் என்று பெயர். எண்ணெயோ பெட்ரோலோ இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டோ, எது எங்கே கசிந்தாலும் மூக்கை வைத்தே பிடித்துவிடுவார். அந்த மூக்குக்கு இந்த வண்டி ஒரு தண்டனை.

கட்டில், அடுப்பு, கழிவறை என்று ஒரு வீட்டையே முதுகில் சுமந்துகொண்டு ஓடும் வண்டி அது. கழுவாத பாத்திரமும் ஈரச் சாக்ஸும் கழிவறைத் தொட்டியும் சேர்ந்து வீச, அதற்கும் மேலே கெட்டுப்போன சர்க்கரைப் பாகு மாதிரி கூலன்ட் வாடை. மோப்பம் தோளில் கிடந்த துணியை எடுத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்.

“எங்கப்பாவுக்கு மறதி நோய்ங்க,” என்றான் மகன். நாற்பத்தைந்து வயதிருக்கும். “எதைச் சொன்னாலும் அஞ்சு நிமிஷத்துல மறந்துடுவார். என்னால சமாளிக்க முடியல.”

மோப்பத்துக்கு வாய் கசந்தது. காலையில் வண்டியை ஓட்டிவந்து, ஒரே தடவையில் பின்னுக்கு எடுத்து, பட்டறைக் குழிமேல் அளந்து வைத்தாற்போல் நிறுத்தியவர் அந்தப் பெரியவர்தான். வழியில் நாலு ஊரில் நாலு மெக்கானிக்குகள் என்னென்ன மாற்றினார்கள் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தவரும் அவர்தான். மகன் பக்கத்து இருக்கையில் சாய்ந்துகொண்டு வந்தான்.

வேண்டாத அப்பனுக்கு ஒரு வியாதிப் பெயர் வைத்தாயிற்று, அவ்வளவுதான்.

ரேடியேட்டரில் கைப்பம்பை மாட்டி அழுத்தம் ஏற்றினார். அழுத்தமானியின் முள் மெல்ல மெல்ல இறங்கியது. கசிவு இருப்பது உறுதி. ஆனால் ரேடியேட்டரின் வெளிப்புறம் காய்ந்திருந்தது. வாட்டர் பம்ப்பும் காய்ந்திருந்தது. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். எண்ணெய் பால் நிறத்துக்கு மாறவில்லை, அதனால் கூலன்ட் இன்ஜினுக்குள்ளும் இறங்கவில்லை.

“வண்டி எப்ப ரெடியாகும்?” மகன் மறுபடி வந்து நின்றான்.

“இப்பத்தானே கேட்டீங்க?”

“வெள்ளிக்கிழமைக்குள்ள போகணும். அதான்.”

போய் வண்டியின் படியில் உட்கார்ந்தவன் ஒரு காலை நீட்டினான். பெரியவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, அவனுடைய ஷூ லேஸைக் கட்டிவிட்டார். அவன் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். மோப்பம் துணியை இறக்கி, ஜன்னல் வழியாகக் காறித் துப்பினார்.

“உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க ஐயா?” என்று கேட்டார், பெரியவர் உள்ளே வந்தபோது.

“இவன் ஒருத்தன்தான் தம்பி.”

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு. சும்மாவா சொல்லி வைத்தார்கள்? மோப்பம் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே பின்பக்கம் நகர்ந்தார்.

குளிருக்கு வண்டியின் பின்பகுதியைச் சூடாக்க, இன்ஜினிலிருந்து சூடான கூலன்ட்டைக் கொண்டுபோகும் ஒரு ரப்பர் குழாய் பின்னால் போனது. அதை முகர்ந்தபடியே தவழ்ந்தார். பெரியவரின் கட்டிலுக்கடியில் தரைப்பலகை ஊறி உப்பியிருந்தது. பச்சைப் பிசுபிசுப்பில் நாலைந்து கரப்பான்கள் ஒட்டிச் செத்துக் கிடந்தன. கை வைத்த இடமெல்லாம் நூல் நூலாய் இழுத்தது.

டார்ச் அடித்தார். குழாயை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டிய கிளிப் தொளதொளவென்று இருந்தது. திருகின் தலையில் பளபளவென்று புதுக் கீறல்கள். தானாகத் தளர்ந்த திருகில் கீறல் விழாது.

எழுந்து மெத்தையைத் தூக்கினார். ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தது.

“கண்டுபிடிச்சிட்டீங்க,” என்றார் பெரியவர். “மத்த நாலு பேரும் இன்ஜினோட நின்னுட்டாங்க.”

“நீங்களேவா ஐயா?”

“ஊருக்கு ஊர் ரெண்டு சுத்து தளர்த்துவேன், கிளம்பறப்ப இறுக்கிடுவேன். ரெண்டு நாள், மூணு நாள் கிடைக்கும்.” பெரியவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். “அங்கே சேர்த்துட்டா மாசத்துக்கு ஒரு தடவைதான் பார்க்க விடுவாங்களாம். அதுவரைக்குமாவது ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கலாமேன்னு ஒரு ஆசை. தப்புதான்.”

மோப்பம் ஸ்க்ரூடிரைவரை மெத்தைக்கடியிலேயே தள்ளி வைத்தார்.

“நான் இந்த கிளிப்பைப் பார்க்கவே இல்லை. சாமான் வர பத்து நாளாகும்னு சொல்லிடறேன், நீங்க இங்கேயே இருங்க. ஆனா உங்க பையனை நாலு வார்த்தை கேட்காம விட மாட்டேன். பெத்த அப்பனுக்கு இல்லாத நோயைச் சொல்லித் தள்ளிவிடப் பார்க்கிறானே, அவனெல்லாம் ஒரு மனுஷனா?”

வாசல் பக்கம் திரும்பியவரின் பிசுபிசுத்த கையைப் பெரியவர் இறுகப் பிடித்துக்கொண்டார். வெளியே படியிலிருந்து குரல் வந்தது. “வண்டி எப்ப ரெடியாகும்?”

“அவனை ஒண்ணும் கேட்காதீங்க தம்பி. ஹோம் எனக்குன்னு சொன்னாத்தான் வண்டியில ஏறுவான்,” என்றார் பெரியவர். “மறதி நோய் அவனுக்கு.”