ஒன்று முதல் ஒன்றரை வரை

ஜெயம்மாளின் தோளில் ஒன்பதாவது முகூர்த்தப் புடவை ஏறியபோது மணி இரண்டேகால்.

கல்யாணப் பெண் மாநிறம். ஜெயம்மாளும் மாநிறம். அதனால் அவள்தான் உடுத்திக் காட்ட வேண்டும் என்று பட்டுக்கடை மேலாளர் பஞ்சாட்சரம் சொல்லிவிட்டார். பெண் வீட்டார் பதினோரு பேருக்கும் இரண்டு தடவை காபி வந்தாயிற்று.

கூட வேலை பார்க்கும் சிம்ரன் பக்கத்தில் நின்று மடிப்பு எடுத்துக் கொடுத்தாள். ஏசிக்கு நேர் கீழே நின்றும் ஜெயம்மாள் அக்காவுக்குக் கழுத்தெல்லாம் வியர்வை.

ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால், மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து ஜெயம்மாள் வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொண்டாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.

"இன்னிக்கும் கத்திரிக்காதான், மூஞ்சிய சுளிக்காதம்மா" என்றாள் சிம்ரனிடம்.

அப்போதுதான் பஞ்சாட்சரம் கூப்பிட்டார்.

ஊசி போட்டால் அரை மணிக்குள் சாப்பிட வேண்டும். விலங்கியல் படித்த சிம்ரனுக்கு அது தெரியும். உடம்புக்குள் போன மருந்து கல்யாண வீட்டாருக்காகக் காத்திருக்காது.

இரண்டு முறை போய்ச் சொன்னாள்.

"பார்ட்டி கெளம்பட்டும்மா. சோறு எங்கியும் ஓடிப்பூடாது" என்றார் பஞ்சாட்சரம், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

பத்தாவது புடவையோடு ஜெயம்மாள் சரிந்தாள்.

பஞ்சாட்சரம் ஓடி வந்தார். முதலில் புடவையை உருவி எடுத்தார்.

சிம்ரன் காபித் தட்டிலிருந்த சர்க்கரையை அள்ளி அக்காவின் ஈறில் தேய்த்தாள். கண் திறந்திருந்தது. பேச்சில்லை. யாரோ ஆம்புலன்ஸுக்கு போன் செய்தார்கள்.

"அவங்க சாப்ட்டாங்களா, இல்லியா?" என்று கல்யாணப் பெண் கேட்டாள்.

பஞ்சாட்சரம் வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்தார்.

"ஒரு மணிக்குப் போய் ஒன்றரைக்கு வந்துட்டாங்கம்மா. கையெழுத்து இருக்குது பாருங்க."

அந்தக் கடையில் எல்லாரும் காலை ஒன்பது மணிக்கே அன்றைய நாலு கட்டத்திலும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். வந்த நேரம், சாப்பிடப் போன நேரம், திரும்பிய நேரம், வீட்டுக்குக் கிளம்பிய நேரம்.

இன்று மாகறல் பஸ் தாமதம். ஜெயம்மாள் ஒன்பதேகாலுக்குத்தான் வந்தாள். அதற்குள் பதிவேடு மாடியிலிருக்கும் ஆபீசுக்குப் போய்விட்டது. நாலு கையெழுத்தையும் அவளுக்காக வேறொருத்தி போட்டிருந்தாள். பிடிபட்டால் போட்டவளுக்கு அன்றைக்கே வேலை போகும்.

சர்க்கரை ஒட்டிய விரலைச் சிம்ரன் அந்த ஒன்றரை மணிக் கட்டத்தின் மேல் அழுத்தினாள். அந்தக் கடையில் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

"இத போட்டது நான் சார். அக்கா இன்னும் சாப்பிடல."