மனதை உலுக்கிய சம்பவம்

அஸ்தம்பட்டி கிளினிக்கின் தலைமை நர்ஸ் சுகந்தி, மகப்பேறு நர்சிங் ஆன்லைன் மேற்படிப்புக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். இன்றுதான் கடைசி நாள். ‘உங்கள் மனதை உலுக்கிய சம்பவம்’ என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

ஜூனியர் நர்ஸ் வெண்ணிலா வந்து நின்றாள்.

“அக்கா, இடுப்பு ரொம்ப வலிக்குதுங்க. ஊட்டுக்குப் போகட்டுங்களா?”

“நீ போய்ட்டா வார்டை யாரு பாக்கறது? நான் இதை முடிக்கோணும்.”

“நிக்கவே முடியலீங்க அக்கா.”

“எனக்குந்தான் காலையிலிருந்து இடுப்பு வலி. போ சாமி, மூணாம் பெட்டுக்கு டிரிப்ஸ் மாத்து.”

போனாள். கொஞ்ச நேரத்தில் வார்டில் ஆள் விழுந்த சத்தம் கேட்டது. எல்லோரும் ஓடினார்கள்.

மாலையில் சுகந்தி அந்தக் கட்டத்தை நிரப்பினாள்:

‘பணியிலிருந்த ஏழு மாதக் கர்ப்பிணி நர்ஸ் ஒருத்தி சரிந்து விழுந்தாள். வீட்டுக்குப் போய் ஓய்வெடு என்று எவ்வளவோ கெஞ்சினேன், கேட்கவில்லை. குழந்தை என் கையில்தான் இறந்தது.’

படித்துப் பார்த்தாள். அவளுக்கே கண் கலங்கியது.

அனுப்பிவிட்டாள்.